பள்ளத்திலிருந்து வந்த பதில்

ஞானம் தேடி மலையேறியவர்களின் கதைகள் நாட்டில் நிறைய உண்டு. சோணை மலையேறியது கூலிக்கு.

ஏறியதும் முழு மலை அல்ல. பாதியை ஏற்கெனவே வெட்டி லாரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள். மிச்சப் பாதியின் உச்சியில் நின்று, வெடி வைக்கப் போவதைக் கீழே பள்ளத்தில் கல் உடைப்பவர்களுக்குக் கூவிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சோணைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடம்பில் மிஞ்சியிருந்தது தொண்டை ஒன்றுதான். ஊர்வலங்களில் முன்னால் போய்க் கோஷம் போட்ட தொண்டை. அவன் 'ஒழிக' என்றால் கலெக்டர் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று தோழர்கள் சொல்வார்கள். கண்ணாடி அதிர்ந்தது உண்மை. ஜன்னல் திறந்ததில்லை. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஊர்வலங்கள் ஓய்ந்த பிறகு டவுனில் கேபிள் புதைக்கக் குழி தோண்டினான். குழி தோண்டும் வேலை முடிந்ததும் வீராயி அவனை இங்கே கூட்டி வந்தாள். வீராயி அவன் பெண்டாட்டி. அவள் நெடுநாளாகப் பள்ளத்தில் கல் உடைக்கிறாள்.

அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியவள் ஒய்யம்மா. அவனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். மேட்டில் ஒரு பாறை மேல் குந்தி, கொட்டைப்பாக்கை வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டதைக் கேட்டதும் சோணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழியைக் கூப்பிடுகிற குரல்.

"இந்தக் குரலை நம்பியா தாயி இத்தனை உசிரு கீழ நிக்குது?"

"குரலை யாருண்ணே நம்புனா" என்றாள் ஒய்யம்மா. "நீங்க கூப்பிடுங்க, பாப்போம்."

சோணை இடுப்பில் கையை ஊன்றி, நெஞ்சை விரித்துக் கூவினான். எதிர்ப் பாறையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்தன. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சொல்லிட்டேன் தாயி."

"பதில் வந்துச்சா?"

"வரல."

"அப்ப இன்னும் சொல்லலண்ணே."

"மலையே அதிர்ந்துச்சே!"

"மலையா கீழ கல்லு உடைக்குது?"

அவன் முகம் சுருங்கியது. ஒய்யம்மா எழுந்து வந்து கையை நீட்டிக் காட்டினாள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மலை வளைந்திருந்தது. எவ்வளவு பெரிய குரலும் அந்த வளைவில் முட்டி நின்றுவிடும். அதனால் வளைவில் ஓர் ஆள் நின்றான். பெயர் சின்னாண்டி. மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே கத்துவான். கீழிருந்து வருவதை வாங்கி மேலே கத்துவான். அவனுக்குப் பக்கத்திலேயே கல்லை அரைக்கும் கிரஷர். அதன் வாயில் கல் நிறைந்திருக்கும்போது அவன் கத்துவது அவனுக்கே கேட்காது. அப்போது வாங்கியதை வாயில் வைத்துக்கொண்டு கிரஷர் அடங்கும்வரை நிற்பான். சில சமயம் அதற்குள் மறந்துவிடுவான்.

"கரண்டுச் சங்கு ஒன்னு இருந்துச்சுன்னாங்களே?"

"இருந்துச்சு. கெட்டுப்போச்சு. ரிப்பேர் பண்றோம்னு கழட்டிக்கிட்டுப் போனவுக இன்னும் வரல."

"அது இருந்தா இந்தப் பாடு இல்லையே."

"சங்கு ஊதும்ணே. கேட்டுச்சான்னு சங்குக்குத் தெரியாது."

அன்று முழுக்க அவள் கூப்பிட்டாள், சோணை பார்த்துக்கொண்டிருந்தான்.

வெடி ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைத்தாள். "கரும்பூ... இரும்பூ..." என்று கூவினாள். வளைவில் சின்னாண்டி அதை வாங்கிக் கீழே தள்ளினான். பள்ளத்தில் வீராயி எல்லோரையும் ஒதுக்குப் பாறைக்குப் பின்னால் விரட்டிவிட்டு, கடைசியாகத் தானும் ஒதுங்கி நின்று, பெயரைப் புரட்டிப்போட்டுத் திருப்பிக் கூவினாள். "இரும்பூ... கரும்பூ..." அது வளைவைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் ஒய்யம்மா கையைத் தூக்கினாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் வெடிக்காரர் திரியில் நெருப்பு வைத்தார். அடுத்த வெடிக்கு வேறு பெயர். பானை, யானை. அதற்கடுத்தது கோடை, வாடை. ஒரு நாளில் சொன்ன பெயரை அந்த நாளில் மறுபடி சொல்லவில்லை.

சோணைக்கு இது குழந்தைகள் விளையாட்டுப் போல இருந்தது.

"எதுக்குத் தாயி ரெண்டு வார்த்தை? அதுவும் பாட்டு மாதிரி?"

"கீழ போய் உங்க வீட்டம்மாட்டக் கேளுங்க."

சாயங்காலம் இறங்கும்போது வீராயியிடம் வேறு விதமாகக் கேட்டான்.

"ஏண்டி, மத்தியானம் ஒருதரம் கூப்பிட்டும் நீ வாயத் தெறக்கல?"

"கோடை, வாழைன்னு வந்து விழுந்துச்சு. பொருந்தல. பொருந்தாதத நான் வாங்க மாட்டேன்."

"தப்பாக் கேட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அதுவும் தப்பாப் போய்ச் சேரும். சும்மா இருந்தா ஒய்யம்மா மறுபடி கூப்பிடும்."

"வீட்டுல நான் கூப்பிட்டா என்னைக்குடி பதில் சொன்ன?"

"வீட்டுல யாரு கூலி குடுக்குறா?" என்றாள் வீராயி. முன்னால் நடந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாள்.

மறுநாள் சோணையிடம் கூப்பிடச் சொன்னாள் ஒய்யம்மா. அவன் அந்த வெடியின் பெயரைக் கூவினான். பதில் இல்லை. உடனே மறுபடி வாயைத் திறந்தான். ஒய்யம்மா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு கொட்டைப்பாக்கை வாயில் போட்டாள்.

"கடிக்கக் கூடாது. ஊறட்டும்."

"எதுக்கு?"

"ஊறி முடிஞ்சும் வரலேன்னா மறுபடி கூப்பிடுங்க. அப்பவும் வரலேன்னா இன்னும் பெரிய பாக்கு."

"கீழ ஆளு நிக்குது, நீ பாக்குத் தின்னச் சொல்ற."

"நீங்க மேல மேல கத்துனா சின்னாண்டி எதைக் கொண்டு போவான், எதைக் கீழ போடுவான்? ஏற்கெனவே கிரஷர் கத்துது. நீங்களும் சேந்து கத்தணுமா?"

பாக்கு ஊறியது. பதில் வரவில்லை. அவன் அதே பெயரை மறுபடி கூவினான். பதில் வந்தது. கையைத் தூக்கினான். வெடித்தது. தூசி அடங்கியதும் அடுத்த வெடிக்குப் புதுப் பெயரைக் கூவினான். கூவிய வாய் மூடுவதற்குள் வளைவிலிருந்து பதில் வந்தது. சோணை சந்தோஷமாகக் கையைத் தூக்கப் போனான். ஒய்யம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பதில்தான் வந்துருச்சே தாயி?"

"எந்தப் பேரு வந்துச்சு?"

அவன் யோசித்தான். வந்தது முந்தின வெடியின் பெயர்.

"அது முடிஞ்சு போச்சே. இப்ப ஏன் வருது?"

"நீங்க ரெண்டு தரம் கூப்பிட்டீக. வீராயிக்கா ரெண்டு தரம் பதில் சொல்லுச்சு. ஒன்னு அப்பவே வந்துருச்சு. இன்னொன்னு இப்ப வருது."

"ஒருதரம் சொன்னவ ஏன் மறுபடி சொல்றா?"

"நீங்க மறுபடி கூப்பிட்டா, அவுக சொன்னது உங்களுக்கு வரலேன்னு அர்த்தம். சொல்லாம என்ன செய்வாக?"

சோணை வளைவைப் பார்த்துக் காத்திருந்தான். புதுப் பெயரைப் புரட்டிச் சொன்ன பதில் ரொம்ப நேரம் கழித்து வந்தது. கை தூக்கினான்.

அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அவ பதில் சொல்றா. அந்தப் பதில் நமக்கு வந்து சேந்துச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"வெடிச்சாத் தெரியும்" என்றாள் ஒய்யம்மா.

அவன் கஞ்சியைக் கீழே வைத்தான்.

"டவுன்ல கேபிள் பொதைச்சப்ப அந்த இன்ஜினியரு சொல்லுவாரு தாயி. கம்பிக்குள்ளயும் சொல்லு தொலைஞ்சுதான் போகுமாம். இந்தப் பக்கத்து மிஷினு சொல்லத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு அனுப்புமாம். அந்தப் பக்கத்து மிஷினு 'வந்துச்சு'ன்னு சொல்ற வரைக்கும் இது அனுப்புனதையே மறுபடி மறுபடி அனுப்புமாம். நான் நம்பல. இம்புட்டுச் செலவு பண்ணிக் கம்பி போட்டது தொலைக்கவான்னு கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"குழிய ஆழமாத் தோண்டுன்னாரு."

ஒய்யம்மா சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

"அந்த மிஷினுக்குக் கத்துக்குடுக்கவும் யாராச்சும் செத்திருப்பாகண்ணே" என்றாள்.

"சரி, பதில் வரவே வரலேன்னா? எத்தனை தரம் கூப்பிடுறது?"

"வர்ற வரைக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் வரலேன்னா?"

"அன்னைக்கு வெடி இல்ல."

அப்படி ஒரு நாள் வரத்தான் செய்தது. மேல்காற்று வீசியது. கிரஷர் அடங்கவே இல்லை. ஒய்யம்மா கூப்பிட்டாள், பாக்கை ஊறப் போட்டாள், கூப்பிட்டாள். பதில் இல்லை. லாரிகள் காலியாக நின்றன. வெடிக்காரர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் சூப்பர்வைசர் தனபால் பைக்கில் மேடேறி வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினான்.

"ஏம்மா, இது குவாரியா, கச்சேரியா? கரும்புங்கற, இரும்புங்கற, பாக்கு மெல்லுற. லாரிக்காரன் என்னையக் காறித் துப்புறான்."

"பதில் வரல சார்."

"நாளையில இருந்து 'வெடி'ன்னு ஒரு வார்த்தை. கீழ 'சரி'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சது வேலை."

"பேரு இல்லாமக் கூப்பிட மாட்டேன் சார்."

"நீ கூப்பிடவே வேணாம். கீழ போய்க் கல்லு உடை." தனபால் சோணை பக்கம் திரும்பினான். "பெரியவரே, உமக்குத்தான் நல்ல தொண்டையாமே? அந்தக் காலத்துல எங்க அப்பா சொல்வாரு, உம்ம கோஷம்னா ஊரே திரும்பிப் பாக்கும்னு. ஒரு வார்த்தையில சொல்லிக் காரியத்த முடிப்பீரா மாட்டீரா?"

ஒய்யம்மா சோணையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பாக்கு ஊறக் காத்திருப்பதுபோல் காத்திருந்தாள்.

எத்தனையோ வருஷமாக ஒருவரும் அவன் குரலைப் பற்றிப் பேசவில்லை. 'ஊரே திரும்பிப் பாக்கும்' என்று கேட்டதும் அவனுடைய நெஞ்சு தன்னாலே விரிந்தது.

"முடிச்சிரலாம் சார்" என்றான்.

ஒய்யம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீராயி அவனோடு சேர்ந்து நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"பேர எடுத்துட்டீகளாமே?"

"சூப்பர்வைசர் சொல்லிட்டாருல்ல."

"நான் 'சரி'ன்னு சொல்றேன். எந்த வெடிக்கு நான் சரி சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துறேன். உன் சரி எனக்குத் தெரியாதா?"

"என் சரி எங்க உங்களுக்கு வருது? சின்னாண்டி சரிதான வருது?"

அவன் சிரித்துச் சமாளித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஒழிக ஒழிகன்னு கத்துன ஆளா இது? ஒரு பொடிப்பய கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து சொன்னா, சரிங்க சார்ங்கிறீக. என்னையவும் 'சரி'ன்னு சொல்லச் சொல்றீக."

"பேசாமச் சோத்தப் போடு."

சோறு போட்டாள். மறுநாள் பள்ளத்தில் போய் நின்றாள். 'சரி' என்றாள். வேறு என்ன செய்வாள்? கூலிக்காரிக்குக் கோபம் உண்டு. அதைக் காட்ட இன்னொரு மலை இல்லை.

கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லை. லாரிகள் நிறைந்து போயின. தனபால் மேட்டுக்கு டீ அனுப்பினான். சோணைக்குத் தொண்டை மறுபடி கம்பீரமாகி விட்டது போலத் தோன்றியது. பாக்கு சட்டைப் பையிலேயே கிடந்தது. ஊறப் போட நேரம் ஏது? பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் மறுபடி கூவினான். அவன் குரலுக்குக் குறைச்சல் இல்லை.

அன்றைக்கு இரண்டு இடத்தில் வெடிக்குக் குழி போட்டிருந்தார்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. முதலில் கிழக்கு.

"வெடீ..." என்றான். பதில் இல்லை. உடனே மறுபடி "வெடீ..." என்றான். கிரஷர் அலறியது, அடங்கியது. "சரீ..." என்று வந்தது. கையைத் தூக்கினான். கிழக்குக் குழி வெடித்தது. கல் சிதறி, தூசி எழுந்து, அடங்கியது. கீழே கல் ஏற்றும் டிராக்டர் உறுமும் சத்தம் வந்தது. ஆட்கள் ஒதுக்குப் பாறையை விட்டு வந்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

மேற்குக்குத் திரும்பினான். "வெடீ..." என்றான்.

"சரீ..." என்று உடனே வந்தது.

பரவாயில்லையே, சுறுசுறுப்பாகி விட்டாளே என்று நினைத்தான். அவள் கோபம் தணிந்திருக்கும் என்றும் நினைத்தான். கையைத் தூக்கினான்.

மேற்குக் குழி வெடித்தது.

அதன் பிறகு டிராக்டர் சத்தம் இல்லை. கிரஷரும் நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்களோ. அந்த மலை அவ்வளவு அமைதியாக இருந்து சோணை கேட்டதில்லை.

"வீராயீ..." என்று கூவினான்.

பதில் இல்லை.

மறுபடி கூவினான். தன் குரல் வளைவில் முட்டி நிற்பதை அன்று அவனே கேட்டான். பிறகு கூவவில்லை. இறங்கி ஓடினான்.

வளைவில் சின்னாண்டி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தரம் கூப்பிட்டியேண்ணே. அக்கா ரெண்டு தரம் சரி சொல்லுச்சு. ஒன்னக் குடுத்துட்டேன். அதுக்குள்ள வெடி வெடிச்சிருச்சு, பதுங்கிட்டேன். எந்திரிச்சதும் அந்த இன்னொரு சரியக் கடன் வைக்கக் கூடாதுன்னு மேல கத்துனேன். கத்திட்டு உன் புது வெடியக் கீழ சொல்லத் திரும்புறேன், கிரஷர் விடல. வாயில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்ணே... வாயில வெச்சுக்கிட்டே நிக்கிறேன்..."

சோணை அவனைத் தாண்டிப் போனான்.

வீராயியைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். ஒரு கை வெளியே இருந்தது. அது அவள் சிரிக்கும்போது வாயை மறைக்கிற கை. ஒய்யம்மாவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் காதுகளிலிருந்து ரத்தம் வடிந்தது. ஒரு கால் திரும்பிக் கிடந்தது. உயிர் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் தனபால் வீடு தேடி வந்தான். அன்று கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

"நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாரு பெரியவரே. நீரு ஒன்னும் பயப்பட வேணாம். வளைவுல நின்னவன் குடிச்சிருந்தான். அவ்வளவுதான். பழச மாத்திக் குடுத்துட்டான். உம்ம மேலயும் தப்பில்ல, கம்பெனி மேலயும் தப்பில்ல. நடுவுல உள்ளவன் செஞ்ச வேலை."

"சின்னாண்டி குடிக்க மாட்டானே."

"அத ஆபீசர் பாத்தாரா?" என்று தனபால் எழுந்தான். "உம்ம வேலை உமக்கு. யோசிச்சுக்கும்."

சோணை யோசிக்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான். எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்க அவனுக்கு வேறு யாரும் இல்லை.

மத்தியானச் சோறு கொடுக்கிற நேரம். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் ஒய்யம்மா படுத்திருந்தாள். காலில் மாவுக்கட்டு. இரண்டு காதிலும் பஞ்சு. அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"சின்னாண்டிதான் தாயி. பழைய பதிலக் கொண்டாந்து குடுத்துட்டான்."

ஒய்யம்மா காதுப் பஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"கேக்கலண்ணே. திரும்பச் சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றான். குரலை உயர்த்தினான்.

"தனபால்தான் தாயி. அவன்தான் பேர எடுத்தான். லாரி நிறையணும்னு எடுத்தான். நாசமாப் போறவன், அவன்தான் கொன்னான்!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. "யோவ், இது ஆஸ்பத்திரியா, மைதானமா? மெதுவாப் பேசு, இல்ல வெளிய போ" என்று நர்ஸ் கத்தினாள்.

சோணை ஒய்யம்மாவின் முகத்தையே பார்த்தான்.

"கேக்கல" என்றாள் அவள். "திரும்பச் சொல்லுங்க."

சோற்று வண்டி அந்த வரிசையைத் தாண்டிப் போனது. குழந்தையின் அழுகை ஓய்ந்தது. அவன் மறுபடி தரையில் உட்கார்ந்தான். இந்த முறை குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது போல இருந்தது. ஒய்யம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனபால் கேட்டான். நான் குடுத்தேன்."

ஒய்யம்மா கண்ணை மூடினாள். பள்ளத்திலிருந்து பதில் வருவதுபோல் அது வெகு தாமதமாக வந்தது.

"நீங்க குடுத்தீக. தனபால் கேட்டான்."

அவன் தலையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவனைத் தொடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

"நாளைக்கு ஆபீசர்கிட்டயும் இதையே சொல்றேன் தாயி" என்றான். "சின்னாண்டியச் சொல்ல மாட்டேன்."

அவள் பார்த்தாள்.

"ஆனா என்ன ஆகும்? தலைய ஆட்டிக் கேட்டுட்டுக் கார்ல ஏறிப் போயிருவாரு. நீயும் நானும் சொன்னா அவுக பதில் சொல்லிருவாகளா? எத்தனை ஊர்வலம் போனேன், எத்தனை வாசல்ல நின்னு கத்தினேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்குப் பதிலே வராது தாயி."

ஒய்யம்மா உள்ளங்கையை நீட்டினாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சட்டைப் பையில் கை விட்டான். பாக்கு அங்கேயே இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தான்.

அவள் அதை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கினாள்.

"அப்ப இன்னும் சொல்லலண்ணே" என்றாள்.